இருகுரல் பூட்டு

நரிப்பாறை அணைக்குப் போகும் பஸ்ஸில் யாமினி மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தாள். முதலில் ஜன்னலோரம், பிறகு டிரைவருக்குப் பின்னால், பிறகு கடைசி வரிசை. கண்டக்டருக்கே பொறுக்கவில்லை. "என்னம்மா, சீட்டுல முள்ளா இருக்கு?" என்று கேட்டார். அவள் சிரித்து வைத்தாள்.

இரண்டு மாதமாக அவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து கைகழுவினாள். குளிக்கப் போனால் குழாயைத் திறந்த கையோடு மூடினாள். தண்ணீர் விழும் சத்தமே அவளுக்கு ஆகவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. அதற்கு முன் இசக்கிமுத்துவைப் பார்த்து, உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

இருகுரல் பூட்டு என்றால் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தக் கதையில் ஓரடி நகர முடியாது.

யாருடைய குரலையும் யார் வேண்டுமானாலும் கணினியில் செய்துகொள்ளலாம் என்று ஆன பிறகு, போனில் வரும் உத்தரவுக்கு மரியாதை போய்விட்டது. எங்கோ வடக்கே ஓர் அணைக்கு அமைச்சர் குரலில் போன் வந்தது. பொறியாளர் பதறியடித்து மதகைத் திறந்தார். ஆற்று மணலில் திருவிழாவுக்குக் கூடியிருந்தவர்கள் அப்படியே போய்விட்டார்கள். நிஜ அமைச்சரோ அந்த நேரத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்தார். கைரேகை, கண் பாப்பா எல்லாவற்றுக்கும் அதற்கு முன்பே நகல் வந்தாயிற்று. உடனே ஒரு குழு போட்டார்கள். நம் ஊரில் வேறென்ன போடுவார்கள்?

ஆனால் அந்தக் குழு உருப்படியாக ஒன்றைச் செய்தது. பெரிய அணையின் மதகைத் திறக்க, பணியில் இருக்கும் இரண்டு பேர் ஒரே அறையில், ஒரே பித்தளை வலைக்கு முன்னால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்க வேண்டும். ஒருவர் ஷட்ஜம், அதாவது 'ஸ', பிடிக்க வேண்டும், மற்றவர் பஞ்சமம், அதாவது 'ப'. இரண்டு சுருதியும் சேர்ந்தாற்போல் ஒன்பது விநாடி அறுபடாமல் நிற்க வேண்டும். வலை மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் உணரும்; ஸ்பீக்கரைக் கொண்டுவந்து ஏமாற்ற முடியாது. ஆணும் பெண்ணும் கலந்து வேலை செய்யும் இடம் என்பதால், எந்த ஸ்தாயியில் பிடித்தாலும் சரி என்று விட்டுவிட்டார்கள். பூட்டின் இரண்டு விளக்கும் எரிந்தால் மதகு திறக்கும். பணிப்பட்டியலில் உள்ள இரண்டு பேரும் சம்மதித்ததாக மெஷினே பெயரெழுதிப் பதிவு செய்துகொள்ளும்.

குழுவில் ஒரு சங்கீத வித்வானும் இருந்தார். ஒரு தொண்டையில் ஒரு சமயத்தில் ஒரு சுருதிதான் வரும் என்று அவர் கையெழுத்துப் போட்டே கொடுத்தார். பாவம், அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவு.

பூட்டுக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்தது. ஊரை மூழ்கடிக்கிற முடிவு ஒற்றை ஆளின் தலையில் விழக் கூடாது. சரியோ தவறோ, பழியைப் பங்குபோட இன்னொருவர் வேண்டும்.

அதன்பின் அணை வேலைக்குச் சுருதி ஞானம் கட்டாயமாயிற்று. சோலையூரில் மூன்று பயிற்சி மையங்கள் 'அணைத் தேர்வுக்கு ஷட்ஜம் பஞ்சமம் கற்றுத்தரப்படும்' என்று பலகை மாட்டின. அணைகளில் திங்கள்தோறும் காலையில் குரல் சாதகம் நடந்தது. நரிப்பாறையில் மதகு இயக்குபவரான இசக்கிமுத்து பஞ்சமத்தில் நிற்பதற்கு நாலு மாதம் பிடித்தது. ஐம்பது வயதில் இந்தக் கூத்து தேவையா என்று அவர் புலம்பிக்கொண்டே கற்றுக்கொண்டார்.

யாமினிக்குச் சாதகம் தேவைப்படவில்லை. அவள் அங்கே பொறியாளராகச் சேர்வதற்கு முன் சைபீரியாவின் தெற்கில், துவா பிரதேசத்தில், பனி உருகி ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்று அளக்கும் குழுவில் இரண்டு குளிர்காலம் இருந்தவள். அளவுகோலின் மறுமுனையைப் பிடித்தவள் சோதுரா என்ற துவா பிரதேசத்துப் பெண். பனியில் மணிக்கணக்காக நிற்கும்போது சோதுரா கூமெய் பாடுவாள். அவர்களுடைய தொண்டைப் பாட்டுக்கு அதுதான் பெயர். பெண்கள் அதைப் பாடக் கூடாது, கர்ப்பம் தங்காது என்று அவள் ஊரில் சொல்வார்களாம். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றையும் காட்டிச் சிரிப்பாள். பொழுதுபோகாமல் யாமினியும் பழகிக்கொண்டாள்.

அணைக்குள் கசிவு பார்க்கும் சுரங்கத்தில் எதிரொலி பிரமாதமாக இருக்கும். ஒருநாள் அங்கே தனியாக இருக்கிறோம் என்று நினைத்து அவள் பாடிக்கொண்டிருந்தபோது, டார்ச் லைட்டோடு இசக்கிமுத்து வந்து நின்றார்.

"என்ன மேடம், தொண்டைக்குள்ள வண்டு கிண்டு பூந்துட்டா?"

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. "ஒரு நாட்டுப் பாட்டு அண்ணே."

"கூட யாரோ விசிலடிச்சாவளே, அது யாரு?"

"அதுவும் நான்தான். நம்ம ஒவ்வொரு குரலுக்குள்ளயும் குட்டிக் குட்டியா நிறைய சுருதி ஒளிஞ்சிருக்கும். தொண்டையை இறுக்கி, நாக்கை வளைச்சு, அதுல ஒண்ணை மட்டும் பெருசாக்கணும். கீழ இருக்கிற சுருதி அசையாம நிக்கும். மேல இது தனியாக் கேக்கும்."

"இன்னொரு மட்டம் போடுங்க." அவள் பாடினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். நாலு மாதம் பஞ்சமத்தோடு மல்லுக்கட்டியவர் இல்லையா? கண்ணைத் திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"மேல நிக்கிது பஞ்சமம்லா?"

"ஆமா. ரெண்டு ஸ்தாயி மேல."

"எந்த ஸ்தாயின்னாலும் சரின்னுதான பூட்டுக்குச் சொல்லி வச்சிருக்கு?"

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் இருவருமே சிரிப்பை நிறுத்தினார்கள். சுரங்கத்தில் எங்கோ சொட்டுச் சொட்டென்று நீர் விழுந்தது.

"இத யாருட்டயும் சொல்லாதீய மேடம். நானும் கேக்கல, நீங்களும் பாடல," என்றார் இசக்கிமுத்து. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி, அந்தக் கார்த்திகை மாதத்து நாள்.

மூன்று நாளாக விடாத மழை. மதியம் பன்னிரண்டரைக்கு மலைச்சரிவு பெயர்ந்து செல்போன் டவரைச் சாய்த்தது. கட்டுப்பாட்டு அறை மேசையில் இருந்த பழைய தரைவழி போன் ஒன்றுதான் மிச்சம். மூன்று மணிக்கு அதில்தான் ஊத்துமேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு, எல்லோரையும் மேடேறச் சொல்லித் தகவல் போயிற்று. ஊத்துமேடு அணைக்குக் கீழே, ஆற்றின் வளைவில் இருக்கிறது. இருநூற்றுப் பதினாலு வீடு. இசக்கிமுத்து பிறந்த ஊர், அவருடைய அண்ணன் மாடசாமி குடும்பத்தோடு இருக்கும் ஊர். ஜனங்கள் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறி முடிக்க நாலரை மணியாவது ஆகும்.

மூன்றரைக்கு இடது கரைச் சுவரடியில் நீர் கசிந்தது. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. இது கலங்கலாக வந்தது. உள்ளே மண் கரைகிறது என்று பொருள். யாமினி மாவட்டத் தலைமையகத்துக்கு போன் போட்டாள்; நாலு மணிக்குத்தான் லைன் கிடைத்தது. அணையில் பணியில் இருக்கும் இரண்டு பேரும்தான் முடிவெடுக்க வேண்டும், சட்டம் அப்படி என்றார்கள். ரிசீவரை வைத்தாள். வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை.

"திறந்தாகணும் அண்ணே."

"அரை மணி நேரம் குடுங்க மேடம். நண்டும் சிண்டும் கிழடு கட்டையும் மேடேறணும்லா?"

"கலங்கலைப் பார்த்தீங்கல்ல? சுவர் அரை மணி நேரம் தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு நீங்களே சொல்லுதீயளே!"

"உடைஞ்சா ஊத்துமேட்டோட நிக்காது. கீழ சோலையூர்ல ரெண்டு லட்சம் பேர். மேட்டுல ஏறி நிக்கிற உங்க ஜனமும் சேர்ந்து போயிடும்."

"எனக்கும் அது தெரியும். எங்க அண்ணன் வீட்டு வாசலுக்கும் ஆத்துக்கும் எத்தன எட்டுன்னும் தெரியும்." அவர் குரல் உடைந்தது. "இந்த வாயால பஞ்சமம் பிடிச்சிட்டு நாளைக்கு அந்தத் தெருவுல எப்படி மேடம் நடக்க?"

அவர் பித்தளை வலைக்கு முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அண்ணனுக்கு ஒரு போன் பண்ணிட்டு வாரேன்," என்றார். மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

கடிகாரத்தில் நாலு எட்டு. அவள் அறையை இரண்டு முறை சுற்றி வந்தாள். நாலு பத்து. வலைக்கு முன்னால் போய் நின்று, தொண்டையை இறுக்கி, மூச்சை விட்டாள். கீழே ஷட்ஜம் உறுமியது. நாக்கை வளைத்ததும் மேலே பஞ்சமம் சன்னமாக எழுந்தது. ஒரு விளக்கு எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. ஒன்பது விநாடி முடிந்து, "இருவர் சம்மதம் பதிவாகியது" என்று மெஷின் சொன்ன பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை. மூச்சு தீர்ந்தபோதுதான் நின்றது.

மதகுகள் எழும் சத்தம் தரையில் அதிர்ந்தது. சிறிது நேரத்தில் இசக்கிமுத்து உள்ளே வந்தார். கோட்டிலிருந்து நீர் வழிந்தது. மதகின் உயரத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தார்.

"எத்தன அடி தூக்கிருக்கு?"

"ஆறு."

பதிவேட்டை இழுத்து நேரத்தை எழுதினார். வேறொன்றும் கேட்கவில்லை.

சோலையூர் பிழைத்தது. ஊத்துமேட்டில் மூன்று பேர் போனார்கள். அவர்களில் ஒருவர் மாடசாமியின் மனைவி பேச்சியம்மாள். ஆட்டுக்குட்டிகளை அவிழ்த்துவிட வீட்டுக்குத் திரும்பியவர். மழையோ நாலே முக்காலுக்கு வெறித்துவிட்டது. சுவரைச் சோதித்த இரண்டு நிபுணர்களில் ஒருவர், இருபது நிமிஷத்தில் உடைந்திருக்கும் என்றார். மற்றவர், இரண்டு மணி நேரம் தாங்கியிருக்கும் என்றார். யாமினி இரண்டு அறிக்கையையும் மாறிமாறிப் படித்தாள். எது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம் என்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

மெஷின் பதிவு தெளிவாக இருந்தது: யாமினி, ஷட்ஜம்; இசக்கிமுத்து, பஞ்சமம். அது செய்தியில் வந்த அன்றே ஊத்துமேடு அவரைக் கைகழுவியது. சொந்த அண்ணிக்குத் தோள் கொடுக்கப் போனவரை, பாடை பக்கத்திலேயே விடவில்லை. "தண்ணியத் தொறந்து விட்ட கை, இங்க படக் கூடாது," என்று மாடசாமியே தள்ளிவிட்டார். அப்போதும் இசக்கிமுத்து, நான் திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்துதான் யாமினிக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. அவளை மாவட்ட அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவரைத் தனியே பார்க்கும் துணிச்சல் வர இத்தனை நாள் ஆயிற்று.

அணைக் குடியிருப்பில் இசக்கிமுத்து முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மனைவி, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள், அவளும் ஊத்துமேட்டுக்காரிதான்.

"வாங்க மேடம். பால் இல்ல, கடுங்காப்பிதான்."

"காப்பி வேண்டாம் அண்ணே. நாளைக்கு எல்லாத்தையும் சொல்லப்போறேன். நீங்க அறையிலேயே இல்ல, ரெண்டு சுருதியும் நான்தான்னு."

அவர் கை நின்றது. "சொல்லாதீய."

"ஏன்? எனக்காகப் பார்க்கிறீங்களா? வேலை போகட்டும், ஜெயில்னாலும் போறேன். என்னால முடியல. நான் செஞ்சதுக்கு உங்களை அண்ணி பாடையைத் தொட விடலயே!"

"சொன்னா பூட்டு போயிரும் மேடம். ஒத்த ஆளு திறக்கலாம்னு தெரிஞ்சா, ஆளே வேண்டாம்னு மெஷின்ட்டக் குடுத்துருவாவ. அப்பம் அழுறதுக்குக்கூட எதுக்க ஒரு முகம் இருக்காது."

"அதுக்காக உங்க பேர் கெடணுமா?"

அவர் கீரைக் காம்பு ஒன்றைத் துண்டு துண்டாக ஒடித்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு பெரிய மனசு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தப் பெருந்தன்மையே அவளுக்குத் தாங்கமுடியாத பாரமாகவும் இருந்தது. வருகிறேன் என்று எழுந்துகொண்டாள்.

மறுநாள் விசாரணை அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். பின்வரிசையில், தோளில் துண்டோடு மாடசாமி. விசாரித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஜெசிந்தா; ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்தி நிதானமாகக் கேட்பவர். அணையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பூட்டு, மின்சாரம் கொடுத்து மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது.

யாமினி தன் முறை வந்ததும், "நான் பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு காட்டணும்," என்றாள். வலைக்கு முன்னால் தனியாகப் போய் நின்றாள். தொண்டையை இறுக்கினாள்.

அந்தச் சத்தத்தை அங்கே யாரும் கேட்டதில்லை. யாரோ, "அய்யோ" என்றார்கள். ஒரு விளக்கு, பிறகு இரண்டாவது விளக்கு. "இருவர் சம்மதம் பதிவாகியது" என்று மெஷின் சொன்னபோது, வலைக்கு முன்னால் அவள் ஒருத்திதான் நின்றிருந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான். இசக்கி அண்ணன் வெளியே போயிருந்தார். அவர் சம்மதிக்கவே இல்ல. மூணு உயிருக்கும் நான் ஒருத்திதான் பொறுப்பு."

பின்வரிசையில் மாடசாமி எழுந்து நின்றுவிட்டார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு தம்பியையே பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்ததை யாமினி கண்டாள்; இரண்டு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது.

நீதிபதி திரும்பினார். "நீங்க சம்மதம் கொடுக்கவே இல்லையா, இசக்கிமுத்து?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். ஊர், அண்ணன், மனைவி எல்லாம் திரும்பிவிடும். இசக்கிமுத்து எழுந்தார். அண்ணனை ஒருமுறை பார்த்தார்.

"குடுத்தேம்மா," என்றார்.

"அண்ணனுக்குப் போன் பண்ணப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வெளிய போனேன். வெளிய எந்தப் போனு இருக்கு? டவர் மத்தியானமே விழுந்துட்டு. இருந்த ஒரே போன் உள்ள மேசையில இருந்துச்சு. மேடத்துக்கு ரெண்டு சுருதியும் வரும்னு அந்த அணையில எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். உள்ள நின்னா ஒண்ணு பாடணும், இல்ல தடுக்கணும். ரெண்டுக்கும் எனக்குத் தெம்பில்ல. அதான் கதவச் சாத்திட்டுப் போனேன். மதகு சத்தம் கேக்கிற மட்டும் படிக்கட்டுல மழையில உக்காந்திருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மெஷின் எழுதுனது சரிதாம்மா. ரெண்டு பேருதான்."

மாடசாமி மெல்ல உட்கார்ந்தார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். அதன்பிறகு தம்பி பக்கம் திரும்பவே இல்லை.

நீதிபதி யாமினியிடம் கேட்டார். "அவர் போன் பண்ணப் போறேன்னு சொன்னப்போ, உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

எல்லாப் பழியும் என்னுடையதுதான் என்று அடித்துச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். ஆனால் இப்போது அந்த அறை திரும்பவும் கண்முன் வந்தது. காதில் வைத்திருந்த சூடு ஆறாத ரிசீவர். அதன்மேல் தன் கை. "அண்ணே, போன் இங்க இருக்கு" என்று சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். அவள் சொல்லவில்லை. கதவு சாத்தும்வரை பேசாமல் இருந்தாள்.

"தெரியும்மா," என்றாள். "என் கை அந்தப் போன் மேலதான் இருந்தது."

எழுத்தர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா, மெஷின் பதிவுல திருத்தம் என்னன்னு எழுதட்டும்?"

நீதிபதி மேசைமேல் இன்னும் எரிந்துகொண்டிருந்த இரண்டு விளக்குகளையும் பார்த்தார்.

"ஒண்ணும் எழுத வேண்டாம். இருக்கிறபடியே இருக்கட்டும்."